ரொம்ப நன்றாகக் கரைந்த மாத்திரை

அத்தியாயம் 7

"ஆறு மணிக்கு ஜீப்போட வருவேன்" என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் கிளம்பிப் போனபோது மணி நாலே முக்கால்.

ஜீப் யாருக்காக வருகிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சமையலறை வாசலில் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற நர்ஸுக்கும் தெரியும். மாடியில் படுத்திருக்கும் பெரியவருக்கு இதய மாத்திரையை அளவுக்கு மேல் கொடுத்துக் கொல்லப் பார்த்தாள் என்று அவள் மேல் புகார். பெரியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு மாத்திரை மெஷினை வைத்துத் தொழில் ஆரம்பித்தவர். இன்று அவருடைய கம்பெனி மாத்திரை இல்லாத மருந்துக் கடையே ஊரில் கிடையாது. அவர் சாப்பிடுவதும் சொந்தக் கம்பெனி மாத்திரையைத்தான்.

பதினைந்து நாளில் இரண்டு தடவை மயங்கி விழுந்தார். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு மருந்து ரத்தத்தில் இருந்தது.

எங்களைக் கூப்பிட்டது நர்ஸுகளின் சங்கம். எங்களை என்றால் மேடத்தையும், கூடவே போகிற குற்றத்துக்காக என்னையும். மேடம் இருபத்திரண்டு வருடம் மருந்து இன்ஸ்பெக்டராக இருந்தவர். இவர் கீழே பூட்டிய கம்பெனிகளை மேலே இருந்தவர்கள் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். நான் பழைய மெடிக்கல் ரெப். டாக்டர்கள் வாசலில் காத்திருந்தே இளமையைத் தொலைத்தவன். வேலை போன பிறகும் டை கட்டுவதை விடவில்லை, வாயடிப்பதையும் விடவில்லை.

"ரெப்பு, எண்ணிட்டியா?" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து என் சொந்தப் பெயர் வந்து வருடக்கணக்காகிறது.

"மூணு தடவை எண்ணியாச்சு மேடம். கம்பெனியில இருந்து வந்த மாத்திரை, இந்தம்மா நோட்டுல எழுதி வெச்சது, அப்புறம் வீட்டுல குடுத்தது, டெஸ்டுக்கு அனுப்பினது, பெட்டியில மீதி இருக்கறது, எல்லாம் கச்சிதம். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. மூணு மடங்கு குடுக்கணும்னா மாத்திரை வானத்துல இருந்து விழுந்திருக்கணும்."

"வானத்துல இருந்து எதுக்கு விழணும்? தெரு முனையில கடை இருக்கே!" என்று சீறினாள் பெரியவரின் மருமகள். காலையிலிருந்து அந்த வீட்டில் அவள் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. "இவளை மருந்துப் பக்கமே விடாம தள்ளி வெச்சு இன்னியோட மூணு நாள். நான்தான் என் கையால மாமாவுக்கு மாத்திரை குடுக்கறேன். இந்த மூணு நாளா எந்திரிச்சு உட்கார்றாரு, பேப்பர் படிக்கறாரு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

சொல்லப்போனால் அதுதான் நர்ஸின் கழுத்துக்குப் போட்ட சுருக்கு. அவள் கொடுத்தவரை பெரியவர் விழுந்தார். அவளை விலக்கியதும் எழுந்துவிட்டார். எந்த நீதிபதியும் இதைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டபடியே தீர்ப்பு எழுதிவிடுவார்.

நர்ஸ் அழவில்லை. அழுது முடித்த முகம். "பதினாலு வருஷமா வீடு வீடா போய் நோயாளிங்களைப் பாத்துக்கிட்டு இருக்கேன் மேடம். ஒரு தடவை அந்த ஜீப்ல ஏறிட்டேன்னா, அப்புறம் எந்த வீட்டுலயும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

"நீ மாத்திரை குடுக்கறதை எனக்குக் காட்டும்மா" என்றார் மேடம்.

அலமாரியிலிருந்து வெள்ளைப் பீங்கான் கல்வத்தையும் குழவியையும் நர்ஸ் எடுத்து வைத்தாள். "ஐயாவுக்கு முழுசா முழுங்க வராது. இதுல போட்டு நுணுக்கி, கால் டம்ளர் தண்ணியில கலக்கி, ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா குடுப்பேன்."

மேடம் கல்வத்தை மோந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வைத்துவிட்டார். பிறகு யாருமே எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இந்த மாத்திரையை உனக்குப் பிடிக்குமா?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். மேடத்தின் கேள்விகளுக்கு உரை எழுத எனக்குச் சம்பளம் பத்தாது.

"எந்த நர்ஸுக்கு மேடம் பிடிக்கும்? பிடாரி மாத்திரை அது. எத்தனை நுணுக்கினாலும் தண்ணியில மிதக்கும். ஸ்பூன்ல ஒட்டும், பல்லுல ஒட்டும். ஐயா பாதியைத் துப்பிடுவாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா இந்தப் பெட்டி வந்ததுல இருந்து தேவலை. ஒரே கலக்குல கரைஞ்சு போயிடும். ஐயாகூட, 'கசப்பே காணோமே, லேசா புளிக்குது'ன்னு சிரிச்சாரு. கம்பெனியில நல்லா பண்ண ஆரம்பிச்சிட்டாங்கன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

மேடத்தின் கை கல்வத்தின் விளிம்பில் அப்படியே நின்றது.

அடுத்த நிமிடம் அவர் போனில் இருந்தார். மறுமுனையில் அரசு சோதனைச் சாலையின் பகுப்பாய்வாளர். சோடா புட்டிக் கண்ணாடி போட்டிருப்பவர் என்பதால் எங்கள் இருவருக்கும் அவர் 'கண்ணாடி'. முதல் மயக்கத்தின்போது ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பிய மாத்திரைகளைச் சோதித்தவர் அவர்தான்.

"நூத்துக்கு நூறு சரின்னு ரிப்போர்ட் குடுத்தேனே மேடம். அட்டையில போட்ட அளவு மருந்து, மில்லிகிராம் பிசகல" என்றார் கண்ணாடி. மேடம் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"எப்படி அளந்தே?"

"எப்பவும் போலத்தான். மாத்திரையைக் கரைச்சு, கரைசலை மெஷின்ல ஏத்தி..."

"கரைக்கறதுக்கு முன்னாடி பொடியா வெச்சு எக்ஸ்ரேயில பாத்தியா?"

"அது எதுக்கு மேடம்? கேஸ் அளவு பத்தினது."

"மீதி மாத்திரை இருக்கா?"

"மேஜை டிராயர்ல ஒண்ணு கெடக்கு."

"இப்பவே நுணுக்கி எக்ஸ்ரேயில வை. தண்ணி, ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. எந்தப் பொருளோட படிகம்னு காட்டற கோடுங்க எங்கெங்க விழுதுன்னு மட்டும் சொல்லு. ஆறு மணிக்குள்ள."

"டீயாவது..."

"குடிக்காத" என்று மேடம் போனை வைத்தார்.

"கரைச்சுப் பாத்தா என்ன, காய வெச்சுப் பாத்தா என்ன மேடம்? அதே மருந்துதானே?" என்றேன்.

"நீயும் நானும் ஒரே டாக்ஸியில வந்தோம். இறங்கினப்புறம் நம்மளை எடை போட்டா, ஒண்ணா வந்தோமா தனித்தனியா வந்தோமான்னு தெரியுமா?"

"என் எடையை எதுக்கு மேடம் இப்ப இழுக்கறீங்க?"

அவர் காதில் வாங்கவில்லை. மாடியிலிருந்து மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மருமகளே கொண்டுவந்தாள். மேடம் ஒரு மாத்திரையைப் பிதுக்கி, கல்வத்தில் போட்டு நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் நுணுக்கினாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பொடியைத் தட்டி, ஸ்பூனால் கலக்கினாள்.

பொடி மிதந்தது.

இன்னும் கலக்கினாள். வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, டம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கீழே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்பூனை வெளியே எடுத்தபோது பாதிப் பொடி அதில் அப்பியிருந்தது.

"இல்லையே" என்றாள் நர்ஸ். "இப்படி இல்லையே மேடம். நிஜமா கரைஞ்சுது. சத்தியமா கரைஞ்சுது."

"பாத்தீங்களா!" மருமகள் கையைத் தட்டினாள். "வாயைத் தொறந்தா பொய். இதே பெட்டியிலதான் நான் மூணு நாளா எடுத்துக் குடுக்கறேன். ஒரு நாளாவது கரைஞ்சிருக்கா? இன்னும் எதுக்கு ஆறு மணி வரைக்கும்? இப்பவே ஜீப்பை வரச் சொல்லுங்க."

கடிகாரம் ஐந்தே கால் காட்டியது. இருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டதே என்று நினைத்தேன்.

மேடம் மட்டும் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்க அலுமினியத் தாளில் கட்டை விரலை வைத்து எடுத்தார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு அட்டையை எடுத்து அதே இடத்தில் விரல் வைத்தார். அதுவும் ஒட்டியது. தபால் தலை அளவுக்கு ஒரு பசைக் கட்டம், அதில் பஞ்சுத் தூசி.

"இந்தப் பெட்டியை யாரும்மா வீட்டுக்குக் கொண்டு வர்றது?"

"என் வீட்டுக்காரர்தான். ஆபீஸ்ல இருந்து மாசா மாசம் கொண்டு வருவார்."

"கடைசியா எப்ப வந்துது?"

"மாசப் பொறப்புல. ஏன்?"

மேடம் என்னைப் பார்த்தார். "ரெப்பு, தெரு முனைக் கடைக்கு ஓடு. இதே மாத்திரை, ஒரு அட்டை. பில்லோட."

"நடந்தா போதுமா மேடம், இல்ல..."

"ஓடு."

டை தோளில் பறக்க ஓடினேன். மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் அட்டையை எடுத்து நீட்டினார். "நம்ம தெரு ஆளு கம்பெனி சார். இப்ப கசப்பில்லாம பண்றாங்க. வயசானவங்க இதைத்தான் கேட்டு வாங்கறாங்க" என்று இலவசமாக விளம்பரமும் கொடுத்தார். பழைய ரெப்பிடமே ரெப் வேலை பார்க்கிறாரே என்று வேறொரு நாளாக இருந்தால் நின்று நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

திரும்பி வந்தபோது வாசலில் புதிதாக ஒரு கார். உள்ளே பெரியவரின் மகன், கம்பெனியின் இளைய முதலாளி, சட்டைக் கையை மடித்தபடி நின்றிருந்தார். களைத்த கண்கள். நாலைந்து நாளாகத் தூங்காதவர் போல் இருந்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்த மகன்தான் தூங்குவான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் என்ன மேடம் விசாரணை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கும் இந்தம்மா மேல கோபமெல்லாம் இல்ல. தெரியாம நடந்திருக்கலாம். போலீஸ் பாத்துக்கும். விட்டுடுங்களேன்."

"ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான்" என்றார் மேடம்.

என் கையிலிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரை. கழுவித் துடைத்த கல்வம். புது டம்ளரில் தண்ணீர். நர்ஸுக்குக் கை ஓடவில்லை. மேடமே நுணுக்கிப் பொடியைத் தட்டினார்.

தட்டின பொடி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு கலக்கு. கொஞ்ச நேரம் பால் போல மங்கி, எங்கள் கண் முன்னாலேயே தெளிய ஆரம்பித்தது. அடியில் மாவு கொஞ்சம் தங்கியது, அவ்வளவுதான். முதல் டம்ளரில் வெள்ளைக் கட்டிகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன.

"இதுதான்! இப்படித்தான் கரைஞ்சுது!" என்றாள் நர்ஸ்.

இளைய முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. கண்ணாடி. "மேடம், வேடிக்கையா இருக்கு. அந்த மருந்துக்குன்னு உள்ள கோடு எங்க விழணும்னு எனக்கு மனப்பாடம். ஒண்ணுகூட அந்த இடத்துல இல்ல. கசப்பு மறைக்க ஒரு புளிப்புத் தூள் சேத்திருக்காங்க, அதோட கோடும் இல்ல. ரெண்டும் இல்லாம மூணாவதா என்னமோ ஒண்ணு உக்காந்திருக்கு. ஆனா கரைச்சா மட்டும் பழையபடி மருந்து தனி, புளிப்பு தனின்னு காட்டுது. பேயா மேடம்?"

"பேய் இல்ல. இணைபடிகம். இப்ப டீ குடி" என்றார் மேடம்.

பிறகு டம்ளர்களைக் காட்டி, என்னைப் போன்ற மரமண்டைகளுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "இந்த மருந்தோட மூலக்கூறுங்க தங்களுக்குள்ளயே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். தண்ணிக்கு இடமே குடுக்காது. அதான் மிதக்குது. மூணுல ரெண்டு பங்கு உடம்புல சேராமலே வெளிய போயிடும். டாக்டருங்க அந்த நஷ்டத்தையும் சேத்துத்தான் பெரிய டோஸா எழுதறாங்க. இப்ப கம்பெனி கசப்பு மறைக்க ஒரு புளிப்புத் தூளைச் சேத்திருக்கு. தனியா தின்னா ஒண்ணும் பண்ணாத தூள். ஆனா ரெண்டையும் ஈரத்தோட வெச்சு அரைச்சா, தூளோட ஹைட்ரஜன் மருந்தோட நைட்ரஜன்கிட்ட கையை நீட்டும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு சொல்லுவாங்க. பலமான கட்டு இல்ல, கை கோத்துக்கற மாதிரிதான். மருந்து தன் சொந்தபந்தத்தை விட்டுட்டு இது கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணு விட்டு ஒண்ணா வரிசை கட்டி நிக்கும். புதுசா ஒரு படிகம். தண்ணியில விழுந்ததும் தூள் சட்டுன்னு கையை உதறிட்டுப் போயிடும். மருந்து ஒத்தை ஒத்தையா நிக்கும். அத்தனையும் ரத்தத்துல போய்ச் சேரும்."

"கல்யாணம் பண்ணி வெச்சா, தண்ணியைப் பாத்ததும் பொண்ணை விட்டுட்டு ஓடிட்டான் மாப்பிள்ளை" என்றேன்.

"அந்த மாப்பிள்ளையை வேணும்னே தேடிப் பிடிச்சு, டோஸைக் குறைச்சு, நல்ல மருந்தா பண்றவங்களும் இருக்காங்க ரெப்பு. அது பெரிய வித்தை. இங்க வித்தை தானா நடந்திருக்கு. டோஸைக் குறைக்கணும்னு யாருக்கும் தோணல." மேடம் இளைய முதலாளியின் பக்கம் திரும்பினார். "முன்னாடி தனித்தனியா அரைச்சீங்க. இப்ப ஒரு வேலை மிச்சம்னு ரெண்டையும் சேத்து ஈரமா அரைக்கறீங்க. சரியா?"

இளைய முதலாளி தலையை ஆட்டினார். "எல்லா டெஸ்டும் பாஸ் ஆச்சு மேடம்" என்று முனகினார்.

"ஆகாம என்ன? ஒரு மணி நேரத்துல இத்தனை சதவீதமாவது கரையணும். அதுதான் விதி. குறையக் கூடாதுன்னு கோடு போட்டாங்க. அளவு மீறி வேகமா கரையக் கூடாதுன்னு இந்த மாத்திரைக்கு யாரும் கோடு போடல. உங்க லேப்ல கை தட்டியிருப்பாங்களே?"

"தட்டினாங்க."

"நானும் இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு கோட்டை மட்டும்தான் பாத்தேன்" என்றார் மேடம். அவர் குரலில் அப்போது கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. தட்டினால் அடக்கிவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. விரலை நீட்டியபடி முன்னால் பாய்ந்தேன். "ஆக, மாத்திரையை வெச்சே பெத்த அப்பாவைத் தீர்த்துக்கட்டப் பாத்தது நீங்கதான்!"

"கையை இறக்கு ரெப்பு" என்றார் மேடம். "அவர் அப்பாவைக் காப்பாத்தினவர்."

நீட்டிய விரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டையைச் சரி செய்தேன்.

"மாடியில இருந்த அட்டை பழைய சரக்கு. தேதியைப் பாரு. தயாரிச்சு ரெண்டு வருஷம் ஆகப் போகுது. மாசா மாசம் புதுசு வர்ற வீட்டுல இது எப்படி வந்துது? பின்னாடி பசை. ஒவ்வொரு தடவை மாத்திரை அடிக்கும்போதும் அதுல கொஞ்சம் எடுத்து, 'விற்பனைக்கு அல்ல'ன்னு சீட்டு ஒட்டி, கம்பெனியில பூட்டி வெக்கணும். எத்தனை கம்பெனியில அந்த அறையைத் தொறந்து பாத்திருப்பேன்! அந்தச் சீட்டைக் கிழிச்ச அடையாளம் இது. மூணு நாளைக்கு முன்னாடி, அப்பா ரெண்டாவது தடவை விழுந்ததும், இவருக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. பெட்டியில மீதி எத்தனை மாத்திரை இருந்துதோ அத்தனையும் எண்ணி எடுத்துட்டு, அதே எண்ணிக்கைக்குப் பழசை வெச்சிட்டார். அப்பா பொழைச்சார். ஆனா திடீர்னு எப்படிப் பொழைச்சார்னு ஊர் கேக்குமே? அதுக்குத்தான் அதே நாள் நர்ஸைத் தள்ளி வெக்கச் சொன்னது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்."

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ரெண்டே வாரம் மேடம்." இளைய முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "பழைய முறையில புதுசா அடிச்சுக்கிட்டு இருக்கோம். அது வந்ததும் கடைகள்ல சத்தமில்லாம மாத்திடலாம்னு இருந்தேன். மாத்திரையைத் திரும்பக் கேட்டு அறிக்கை விட்டா, கம்பெனியை அன்னிக்கே மூடணும். அப்பா நாப்பது வருஷமா கட்டினது. இந்தம்மாவை அப்புறமா வக்கீல் வெச்சு வெளிய கொண்டு வந்துடலாம்னு..."

நர்ஸ் அவரைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு மனுஷியைப் பதினாலு வருட நல்ல பெயரோடு கூட்டிப் பெருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறாரே!

"ஏங்க."

மருமகள் கூப்பிட்டாள். காலையிலிருந்து கேட்ட குரலே இல்லை அது.

"மாமாவுக்கு மட்டும் பழசா?"

அவர் சட்டைக் கையை மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

"எங்கம்மாவும் அதே மாத்திரைதானே சாப்பிடறா. 'நம்ம கம்பெனி இருக்கும்போது வெளிய எதுக்கு வாங்கணும்'னு நீங்கதானே மாசப் பொறப்புல ஒரு பெட்டி குடுத்து அனுப்பினீங்க. நாலு நாளா தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. நான் வயசாயிடுச்சு, பேசாம படுன்னு திட்டினேன்."

இளைய முதலாளியின் வாய் திறந்தது. அவர் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

அவள் போனை எடுத்தாள். ஒரு தடவை முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போலிருக்கிறது, போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது. "அக்கா, நானே உங்களுக்குப் போடலாம்னு இருந்தேன். உங்கம்மா பாத்ரூம் வாசல்ல விழுந்து கெடக்காங்க. கூப்பிட்டா கண்ணை மட்டும்..."

போன் மருமகளின் கையிலிருந்து நழுவியது. தரையைத் தொடுவதற்குள் அதைப் பிடித்தது நர்ஸ்.

"நான் நர்ஸ் பேசறேன். பதறாம சொல்றதை மட்டும் கேளு. மூச்சு வருதா? நெஞ்சு ஏறி இறங்குதா பாரு. சரி. தூக்கி உக்கார வெக்காத, தண்ணி, காப்பி எதுவும் குடுக்காத. ஒருக்களிச்சுப் படுக்க வை. கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்து. இன்னொருத்தரை விட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லு. மாத்திரை அட்டை எங்க இருக்குன்னு தேடி எடுத்துக் கையில வெச்சுக்க, டாக்டர்கிட்ட காட்டணும். போனை வெக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

சற்று முன்னால் ஒரு மாத்திரையை நுணுக்க ஓடாத கை அது. இப்போது போனைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பத்து நிமிஷம்" என்றாள் மருமகள்.

"ஜீப்ல ஆறு. வாங்க." அவர் நர்ஸிடம் திரும்பினார். "நீங்களும் வரணும்மா. கைதுக்கு இல்ல."

நர்ஸ் காதில் போனோடு ஓடினாள். மருமகள் அவள் பின்னால் ஓடினாள். ஜீப் திரும்பிப் போகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நர்ஸைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் இன்று இரவு ஊர் பேசும். நாளைக்கு வீடு வீடாகப் போய் நான் மாற்றிச் சொல்லிவிட்டு வருவேன். வாய் எதற்கு இருக்கிறது?

மாடிப் படியில் ஏதோ அசைந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரவல் கால்களில் நிற்பவர் போல பெரியவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அப்பா, நீங்க எதுக்கு எந்திரிச்சு..." என்று மகன் ஓடினார்.

"கடைப் பட்டியல் எடுத்துக்கிட்டு வாடா" என்றார் பெரியவர்.

"கம்பெனியே போயிடும்பா."

"போகட்டும். முதல் கடைக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு, எனக்குக் கேக்கணும்."

மகன் பட்டியலைக் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் விரித்தார், ஆனால் நம்பர் அழுத்த அவருக்கு வரவில்லை. இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மேடம் உதவவில்லை, என்னையும் உதவ விடவில்லை. கடைசியில் மணி போனது. எடுத்தவர் தெரு முனைக் கடைக்காரர்.

"நான்தான் பேசறேன்." மகன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எங்க இதய மாத்திரை... புதுசா வந்தது... ஒரு அட்டைகூட விக்காதீங்க. எடுத்துத் தனியா வெச்சிடுங்க. வித்திருந்தா வாங்கினவங்களுக்கு போன் பண்ணி, உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. டோஸ் அதிகமாயிடுது. ஆமா. எங்க தப்புதான்."

மறுமுனையில் கடைக்காரர் அலறினார்.

"ஐயோ, இப்பத்தானே சார் ஒரு அம்மா ரெண்டு அட்டை வாங்கிட்டுப் போனாங்க! புது முகம், போன் நம்பர்கூட இல்ல. இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாங்க. நீல நிறப் பை..."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"கடைக்கு இடது பக்கம் சார்."

மகன் போனை என் கையில் திணித்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு, வெறுங்காலோடு தெரு முனையை நோக்கி ஓடினார் இளைய முதலாளி.

"அடுத்த கடை நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றார் பெரியவர் மேடத்திடம், படியிலேயே உட்கார்ந்துகொண்டு.